பாதிப் பந்தியில் எழுந்தவளின் நிழல்

ஐப்பசி அடைமழை ஊரை ஊறப்போட்டு அடித்துவிட்டு, மூச்சு வாங்க ஒதுங்கினாற்போல ஒரு நாள் ஒதுங்கும். அன்றைக்கு வானம் சொட்டுநீலம் போட்டு அலசிய வேட்டியாக விரிந்து கிடக்கும், தட்டான்கள் ஆளுயரத்துக்கு இறங்கி வந்து பறக்கும், தாமிரபரணி கலங்கலைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் நிதானமாகப் போகும். அந்த நாளுக்கு ஆத்தங்கரைப்புதூரில் வெக்காளிப்பு என்று பேர். அது எப்போது வரும் என்று பஞ்சாங்கத்திலும் இருக்காது, ரேடியோவிலும் சொல்லமாட்டார்கள். வந்துவிட்டால் மட்டும், அந்த ஊரில் நாலு பெண்களுக்கு யாரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஜெபமணி அரிசியும் பருப்பும் எடுத்துக்கொள்வாள், ஆடு மேய்க்கிற சண்முகவடிவு முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் மடியில் கட்டிக்கொள்வாள், தையல் மிஷினை மூடிப் போட்டுவிட்டு ரஹ்மத் நெய்ப் போணியும் அப்பளக் கட்டுமாகக் கிளம்புவாள், பஞ்சாயத்துத் தொட்டியிலிருந்து ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிற உலகம்மாள் உப்பும் புளியும் முடிந்துகொண்டு எல்லாருக்கும் கடைசியாக ஓடிவருவாள். ஒன்றாகப் படித்து ஒன்றாக ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். ஆற்றோரத்து மருத மரத்தடியில் கல்லைக் கூட்டி, கூட்டாஞ்சோறு பொங்கி, வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதை விடவில்லை.

அந்தப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு பேரும் கை கழுவும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. பாவாடை கட்டின வயசில் ஒருமுறை ரஹ்மத் பாதியில் எழுந்து பட்டாம்பூச்சி பிடிக்கப் போக, அவள் இலையை நாய் நக்கிவிட்டது. அன்றைக்கு ஜெபமணி போட்ட சட்டம் அது. அதன் பிறகு மழை வந்து நனைத்தபோதும், கட்டெறும்பு ஏறியபோதும், சண்முகவடிவின் கிடாய் ஆற்றில் இறங்கி அக்கரை போனபோதும்கூட யாரும் எழுந்ததில்லை.

இந்த வருஷத்து வெக்காளிப்பில் அந்தச் சட்டம் உடைந்தது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குளித்தார்கள். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், கெண்டைக் குஞ்சுகள் குதிகால் வெடிப்பைக் கொத்த, கூச்சம் தாங்காமல் சிரித்தார்கள். நாணலுக்குள்ளிருந்து ஒரு மீன்கொத்தி விழுந்து எழும்பியதை, ஏதோ தங்களுக்காகவே அது செய்ததுபோலப் பார்த்தார்கள். சோறு பொங்கி, வாழை இலையில் விழுந்து, ஆவி முகத்தில் அடித்தது. உலகம்மாள் பாதிச் சோறு தின்றிருப்பாள். அவளுடைய கால் கட்டைவிரல் தன்பாட்டில் ஆட ஆரம்பித்தது.

"ஏளா, மோட்டார ஓடவிட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். "தொட்டி நெறஞ்சு வழிஞ்சிட்டிருக்கும்."

"வழியட்டும்" என்றாள் ரஹ்மத். "நீ இல்லாட்டா தண்ணிக்கு வழியத் தெரியாதாக்கும்."

"இந்தா போயிட்டு இந்தா வந்துருதேன்."

"கை கழுவாம எந்திரிச்சே, நான் மனுசியா இருக்கமாட்டேன் பாத்துக்கோ" என்றாள் ஜெபமணி. அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் உலகம்மாள் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ.

உலகம்மாள் எழுந்து ஓடினாள். மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் கீழத்தெருக்காரி ஒருத்தி குடத்தோடு நின்று, எங்க தெருவுக்கு மட்டும் நூலாட்டம் வருதே என்றாள். அதைப் பார்க்கப் போனால் வால்வில் கசிவு, கசிவுக்குச் சணல் எடுக்க வீட்டுக்குப் போனால் கோழி உலையரிசியைக் கொத்துகிறது, கோழியை விரட்டினால் கொடியில் துணி. இப்படி ஒரு வேலை இன்னொரு வேலையின் கையைப் பிடித்துக்கொண்டு வர, சாயங்காலமாகிவிட்டது. ஆற்றங்கரையில் மூன்று பேரும் காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் அக்கரைப் பனைக்குள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஜெபமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கழுவவில்லை, துடைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உலகம்மாளுக்கு நிழல் இல்லை என்பதை முதலில் கண்டது டீக்கடை வைத்திருக்கிற சொரிமுத்துதான். மறுநாள் காலை வெயிலில் அவள் நீண்ட இரும்புக் கம்பியான வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போக, சாவியின் நிழல் மட்டும் தரையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மதினி, நிழல எங்கன வச்சிட்டு வந்திய?" என்று கேட்டான்.

"பின்னாடி வரும்" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

அது வரவில்லை. மத்தியானம் ஆடு பத்திக்கொண்டு போன சண்முகவடிவு, மருத மரத்தடியில் அதைப் பார்த்தாள். இடது காலை மடக்கி வலது முழங்காலைக் குத்திட்டு, அள்ளிய கவளம் கையில் இருக்க, உலகம்மாளின் நிழல் நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. உச்சி வெயிலுக்கு மரத்தின் நிழல் சுருங்கியது, ஆட்டின் நிழல் சுருங்கியது, அது சுருங்கவில்லை. மறுபடி மழை பிடித்து வெயிலே இல்லாமல் போன நாட்களிலும், சுவரில் ஓதம் ஏறினாற்போல மணலில் அப்படியே இருந்தது.

ஊர் போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு வந்து அவரவர் வேலையைப் பார்த்தது. ஆத்தங்கரைப்புதூரில் இதைவிடப் பெரிய அதிசயம், சாக்கடை வெட்டித்தருகிறேன் என்ற பஞ்சாயத்துத் தலைவர் வெட்டித்தந்ததுதான் என்று சொரிமுத்து சொன்னான். முதலில் யாரோ நிழலைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கினார்கள், மணலில் பைக் ஓட்டுகிற பையன்கள் அதன்மேல் ஏற்றிவிடாமலிருக்க. துணி துவைக்கிறவர்கள் அந்தப் பக்கம் உதறுவதை விட்டார்கள். சண்முகவடிவின் ஆடுகள் மிதிக்காமல் விலகிப் போகப் பழகின. இடுப்பில் பிள்ளையோடு வருகிற சின்னப் பெண்கள், பிள்ளையின் நிழல் அதன் மடியில் விழுகிற மாதிரி நின்று பார்த்தார்கள். அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பல் முளைக்கிற பிள்ளை, பால் மறக்காத பிள்ளை எல்லாம் மருத மரத்தடிக்கு வந்தன. மாமியாரோடு சண்டை போட்டவள் வந்து நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தீர்த்துவிட்டுப் போனாள், மாமியாரும் வந்து அவள் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள், நிழல் இரண்டையும் கேட்டது. அம்மன் கோயில் பூசாரியிடம், நிழல் இல்லாதவள் கோயிலுக்குள் வரலாமா என்று யாரோ கேட்டதற்கு, அம்மனே கருவறைக்குள்ள வெளிச்சமில்லாம நிழலில்லாமத்தான இருக்கா, நீ போய்ச் சோலியப் பாரு என்றார் அவர்.

எல்லாருக்கும் அது ஒத்துப்போயிற்று. உலகம்மாளுக்குத்தான் ஒத்துப்போகவில்லை.

ஆளுடைய அலுப்பெல்லாம் சாயங்காலத்தில் நிழலுக்குள்தான் இறங்கும், கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல. அதனால்தான் பொழுது சாயச் சாய நிழல் நீளுகிறது, மனுசர்களும் அக்கடா என்று உட்காருகிறார்கள். உலகம்மாளுக்கு அலுப்பை இறக்கிவைக்க இடம் இல்லாமல் போயிற்று. முன்னேயும் அவள் பம்பரம்தான், ஆனால் பம்பரம் ஆடி ஓய்ந்து சாயவாவது செய்யும். இப்போது உட்காருவோம் என்று தரையைத் தொட்டால், சூட்டில் கை வைத்தவள்போல உடம்பு தானாக எழும்பியது. நடந்துகொண்டே சாப்பிட்டாள். நடந்துகொண்டே தலை சீவினாள். வீட்டுக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்து, நிலையில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடி நடந்தாள். மேலத்தெருவுக்குத் திறக்கவேண்டிய தண்ணீரைக் கீழத்தெருவுக்குத் திறந்தாள். கால் வீங்கியது. எடை குறைந்து, ஆற்றங்காற்று அடித்தால் முந்தானையோடு சேர்ந்து அவளும் அரையடி நகர்ந்தாள்.

அவளை அறுத்தது இன்னொன்று. அவள் வீட்டுக்காரர் பிரமநாயகம், மில்லில் இருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் வாசல் நாற்காலியைவிட்டு அசையாத மனுசர், நாலு மணியானால் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்ப ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மனுசர் துண்டை விரித்து நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலம் பிரித்துக் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். நிழலின் பக்கமாகவும் கொஞ்சம் வைத்திருந்தார். அணில் வந்து எடுத்துப் போனது.

"அவகிட்ட என்ன பேசுதிய?" என்று கேட்டாள் உலகம்மாள், நின்ற இடத்தில் நிற்காமல், மரத்தைச் சுற்றிக்கொண்டே.

"ஒண்ணும் பேசல. சும்மா இருக்கேன்."

"அத எங்கூட இருக்கலாம்லா."

பிரமநாயகம் அவளைப் பார்க்கக் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பவேண்டியிருந்தது. "நீ எங்க இருக்க?" என்றார். திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை நின்று யோசிக்க அவளுக்குக் கால் இல்லை.

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. மேலே மலையில் மழை அடித்துக்கொண்டே இருக்க, ஒரு காலையில் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ தெருத்தெருவாக வந்தது. அணை நிரம்பிவிட்டதால் மத்தியானம் உபரித் தண்ணீர் திறக்கப்படும், கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது.

மருத மரத்தடிதான் முதலில் முங்குகிற இடம் என்று ஊருக்கே தெரியும்.

"ஆத்தோட போயிருச்சுன்னா பொறவு கடல்ல போயா தேடுவ" என்றாள் ரஹ்மத். "காலம் பூரா இப்படியே நடந்துக்கிட்டே இருப்பியா?"

ஊர் திரண்டு வந்தது. தென்னம் விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தார்கள், மணல் வந்தது, நிழல் வரவில்லை. சொரிமுத்து மண்வெட்டியால் நிழல் விழுந்த மணலை வெட்டி சிமெண்டுச் சாக்கில் அள்ளிப் பார்த்தான். சாக்கில் வெறும் மணல் இருந்தது, குழிக்குள் நிழல் உட்கார்ந்திருந்தது. குழியை மூடினார்கள். பூசாரி திருநீறு போட்டார். உலகம்மாள் சுற்றிச் சுற்றி நடந்தபடி, வாளா, வந்துருளா, உனக்கு என்ன கொறை வச்சேன் என்று நிழலிடம் கெஞ்சினாள். நிழல் அவள் பக்கம் தலை திருப்பவில்லை.

சண்முகவடிவுதான் குனிந்து நிழலின் கையைப் பார்த்தாள், ஆட்டுக்குக் குளம்பு பார்க்கிறவள் பார்வையில். "அது உன்மேல கோவிச்சுக்கிட்டு இருக்கல" என்றாள். "பாதிப் பந்தியில இருக்கு. நாம இன்னும் கை கழுவலலா."

எல்லாரும் ஜெபமணி வீட்டைப் பார்த்தார்கள். அவள் மட்டும்தான் அங்கே வந்திருக்கவில்லை.

ஜெபமணி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உலகம்மாள் முற்றத்தில் நடந்துகொண்டே சொன்னாள், ஜெபமணி கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல அத்தன பிள்ளைகளுக்கு வடிச்சுக் கொட்டுதேன்" என்றாள் கடைசியில். "ஒரு பிள்ளையும் எந்திரிச்சு ஓடுனதில்ல. வருசத்துல ஒரு நாளு, எனக்குன்னு நான் பொங்குத சோறு அது ஒண்ணுதான். அதுக்கு ஒன் மோட்டாரு பெருசாப் போச்சு."

"தப்புதான்."

"தப்புன்னு நடந்துக்கிட்டே சொல்லுதே. உக்காந்து சொல்லு."

உலகம்மாள் உட்காரப் பார்த்தாள். படியில் கை ஊன்றி, முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, பாதி இறங்கினாள். உடம்பு எழும்பியது. மறுபடி இறங்கினாள், மறுபடி எழும்பியது. மூன்றாவது தரம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெபமணி அப்போதுதான் அவளுடைய கால்களைப் பார்த்தாள். கொலுசுக் காப்பு சதைக்குள் புதைந்திருந்தது.

"சவத்தெளவு" என்று முனகிக்கொண்டு, கீரையை அப்படியே போட்டுவிட்டு, உள்ளே போய் அரிசியை அளந்தாள்.

மத்தியானத்துக்கு முந்தி வெக்காளிப்பு வந்தது. கார்த்திகையில் அப்படி வருவது வழக்கமில்லை. சொட்டுநீல வானம், ஆளுயரத்தில் தட்டான்கள். ஈர விறகு அழ, ரஹ்மத் ஊதி ஊதிக் கண் சிவந்து, ஒருவழியாகச் சோறு வெந்தது. ஊர் மேட்டில் நின்றது. இலை போட்டார்கள். மூன்று பேரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். உலகம்மாளை ரஹ்மத் ஒரு தோளிலும் சண்முகவடிவு ஒரு தோளிலும் பிடித்து அழுத்தினார்கள், உப்புச் சாக்கை அமுக்குவதுபோல. அவள் அமர்ந்தாள். நிழலின் முழங்காலோடு அவள் முழங்கால் பொருந்தியது. உடம்பு எழும்பத் துடித்தது, ஆனால் அடியிலிருந்து ஏதோ ஒன்று, நீண்ட நாள் உட்கார்ந்து உட்கார்ந்து கனத்துப்போன ஒன்று, அவளை லேசாகப் பிடித்துக்கொண்டது.

முதல் கவளத்தை அவள் எடுத்தாள். இத்தனை நாளாக அந்தரத்தில் நின்ற நிழலின் கை, வாய்க்குப் போயிற்று.

மேட்டில் ஊர் கழுத்தை நீட்டியது. சொரிமுத்து மட்டும், சாப்புடுது என்றான், பக்கத்தில் நின்றவனிடம்.

அந்த நேரம் பார்த்து ஆற்றின் மேற்கே ஒரு இரைச்சல் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. சுவராக வரவில்லை, படுக்கையில் புரண்டு படுக்கிறவள்போல, அலுங்காமல் கரையை நிறைத்துக்கொண்டு, சருகையும் நாணலையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

கூடவே மேட்டிலிருந்து கீழத்தெருக்காரியின் குரலும் வந்தது. "உலகம்மக்கா, மோட்டார நிறுத்தலியா? தொட்டி வழிஞ்சு தெருவெல்லாம் ஓடுது."

உலகம்மாளின் கட்டைவிரல் ஆடியது. தொடை ஆடியது. முதுகு நிமிர்ந்தது. மூன்று பேரும் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். யாரும் உட்காரு என்று சொல்லவில்லை. ஜெபமணி தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

உலகம்மாள் இடது கையால் பக்கத்தில் கிடந்த வால்வுச் சாவியை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த மோட்டார் அறைச் சாவியையும் உருவினாள். உட்கார்ந்தபடியே இரண்டையும் மேட்டைப் பார்த்து வீசினாள். அவை பிரமநாயகத்தின் காலடியில் போய் விழுந்தன.

"எனக்கு எந்த வால்வு எதுன்னு தெரியாதே" என்றார் அவர்.

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமாக்கும்" என்றாள் அவள், வாயில் சோற்றோடு.

பிரமநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. தண்ணீரைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று ஊருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் அடுப்புக் கல்லைத் தொட்டு, கங்கு சுஸ் என்று அணைந்தது. "பைய சாப்பிடு" என்றாள் ஜெபமணி. "வெக்குன்னு முழுங்காத. கத்தரிக்காயத் தின்னு, ஒதுக்கி வைக்காத." உலகம்மாள் மென்றாள். கத்தரிக்காய் இத்தனை ருசி என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது; இதற்கு முன் எதையும் அவள் இவ்வளவு நேரம் மென்றதில்லை. தண்ணீர் இலையின் ஓரத்தைத் தூக்கியது. கெண்டைக் குஞ்சுகள் பருக்கைக்கு வந்தன. ரஹ்மத்துக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்தாள், அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். கடைசிக் கவளம் உலகம்மாளுடையது. அவள் அதை விழுங்கியபோது தண்ணீர் மடிக்கு வந்து, நாலு பேருடைய வலது கைகளையும், யாரும் அசையாமலேயே, விரல் விரலாகக் கழுவிவிட்டது. அடியில் ஐந்தாவதாக ஒரு கையும் கழுவிக்கொண்டது.

"எந்திரிங்க" என்றாள் ஜெபமணி.

கை கோத்துக்கொண்டு எழுந்தார்கள். இடுப்பளவு வெள்ளத்தில் ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். இலைகள் நாலும் பரிசல்போல வரிசையாகக் கிழக்கே போயின. மேட்டு வெயிலில் வந்து நின்றபோது உலகம்மாளின் காலடியில் நிழல் இருந்தது, நனைந்து கனத்து, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டு.

அவர்கள் ஊருக்குள் வந்தால், ஊர் வேறு ஒரு கோலத்தில் இருந்தது. பிரமநாயகம் மோட்டாரை நிறுத்துவதற்குப் பதில் கண்ணில் பட்ட வால்வையெல்லாம் திறந்துவிட்டிருந்தார். மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிக்கூடத் தெரு எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொட்ட, ஜனம் குடம், அண்டா, குழந்தை குளிக்கிற தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் சாவியோடு நின்ற பிரமநாயகம் தொப்பலாக நனைந்து, அவளைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"ஏளா, சீக்கிரம் வா. இத எந்தப் பக்கம் திருக்கணும்?"

உலகம்மாளின் கட்டைவிரல் ஒரு தரம் ஆடியது. அவள் தொட்டியடிச் சிமெண்டு மேடையைப் பார்த்தாள். அதில் நல்ல வெயில் விழுந்திருந்தது. போய் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஜெபமணிக்கு இடம் விட்டாள்.

"இருங்க, வாரேன்" என்றாள். "நிழல் காயட்டும்."